கமரான் தீவில் காத்திருந்த ஹாஜிகள்

 



ஹஜ்ஜுக்குச் செல்வோருக்காக நாம் நடத்திய பயிற்சி வகுப்பு ஒன்றில், வயதில் மூத்த பெரியவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “ஹஜ்ரத், போலியோ சொட்டு மருந்து குழந்தைகளுக்குக் கொடுப்பது. பேரன் பேத்தி எடுத்த எனக்கும் அதை ஏன் கொடுக்கிறார்கள்? ஊசி வேறு போடுகிறார்கள். அல்லாஹ்வின் வீட்டிற்குப் போகிறவனுக்கு அல்லாஹ் காவல் இல்லையா?” என்றார். வகுப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. அது சிரித்துத் தள்ளிவிடும் கேள்வி அன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் கப்பலேறிய நம் முன்னோர்கள் கண்ணீரோடு கேட்ட கேள்வியும் ஏறக்குறைய இதுவே. அன்று சுருக்கமாகப் பதில் சொல்லி அமர்ந்துவிட்டோம். விரிவான பதிலை இவ்வாண்டு மலரில் எழுதுவதாக அவருக்கு வாக்களித்திருந்தோம். அந்த வாக்கை இங்கே நிறைவேற்றுகிறோம்.

கடல் வழி ஹஜ்

இன்று சென்னையில் விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கிவிடலாம். நம் தாத்தாமார் காலத்து ஹஜ் அப்படிப்பட்டதன்று. தமிழகத்து ஹாஜிகளில் பெரும்பாலோர் ரயிலேறிப் பம்பாய் சென்று, அங்கே முஸாஃபிர்கானாக்களில் தங்கிக் கப்பலுக்குக் காத்திருப்பார்கள். கப்பல் அரபிக் கடலைக் கடந்து, பாபுல் மந்தப் நீரிணை வழியாகச் செங்கடலில் நுழைந்து ஜித்தா சேரும். இந்தியாவிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கடல் வழிப் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றது. ஆகவே நம் ஜமாஅத்திலேயே கப்பலில் ஹஜ் செய்தவர்களின் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். பயணம் புறப்படும் முன் கடனை அடைத்து, மரண சாஸனம் எழுதி, ஊராரிடம் பொருத்தம் தேடிவிட்டுப் போன வரலாற்றை அவர்கள் கேட்டிருப்பார்கள். அது வெறும் சம்பிரதாயம் அன்று. திரும்பி வராதவர்கள் மெய்யாகவே ஏராளம்.

1865ஆம் ஆண்டின் துயரம்

காலரா என்னும் வாந்திபேதி வங்காளத்தில் நெடுங்காலமாக இருந்து வந்த நோய். 1817இல் அது வங்காளத்தை விட்டு வெளியே பரவத் தொடங்கியது. 1831இல் ஹஜ் காலத்தில் மக்காவை எட்டியது. அதன் பின்னர் பலமுறை அங்கே வந்து போனது. ஆயினும் 1865ஆம் ஆண்டு நிகழ்ந்ததுதான் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு வந்த ஏறத்தாழ 90,000 பேரில் சுமார் 15,000 பேர் காலராவால் மரணித்தனர் என்று அக்கால மருத்துவ அறிக்கைகள் கணக்கிட்டன.

ஹஜ் முடிந்து, 1865 மே மாதம் ஜித்தாவிலிருந்து சூயஸ் வந்து சேர்ந்த ஒரு கப்பலில், வழியில் இறந்தவர்களின் உடல்கள் கடலில் இறக்கப்பட்டிருந்தன. ஆனால் கப்பலின் கேப்டன், தம் கப்பலில் குறிப்பிடத்தக்க நோய் எதுவுமில்லை என்று துறைமுகத்தாரிடம் சொல்லிவிட்டார். அதிகாரிகளும் நம்பி ஆட்களை இறக்க அனுமதித்தனர். இரண்டொரு நாளில் அந்தக் கேப்டனும் அவர் மனைவியுமே நோயில் விழுந்தனர். அங்கிருந்து ரயில் வழியாக நோய் அலெக்சாந்திரியாவுக்குப் போயிற்று. அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பல்கள் மார்ஸேல்ஸுக்கும் இஸ்தான்புல்லுக்கும் அதைக் கொண்டு சென்றன. பின்னர் அமெரிக்கா வரை பரவி, பெரிய நகரங்களில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது.

சகோதரர்களே! கப்பலை நிறுத்தி வைத்தால் தனக்கு நஷ்டம் என்று எண்ணிய ஒருவர் சொன்ன ஒரு பொய், எத்தனை நாடுகளின் கதவைத் தட்டியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாற்பது நாள் என்னும் சொல்

கப்பலை நிறுத்தி வைக்கும் வழக்கம் அப்போது புதிதாகத் தோன்றியதன்று. அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ரகூஸா நகரம் 1377ஆம் ஆண்டிலேயே, கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோரை முப்பது நாட்கள் ஊருக்கு வெளியே தங்க வைத்தது. பின்னர் அது நாற்பது நாட்களாயிற்று. இத்தாலி மொழியில் நாற்பது என்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே குவாரன்டைன் என்ற பெயர் வந்தது. அரபிகள் அதைக் கரந்தீனா என்று வழங்கினார்கள்.

அதே நூற்றாண்டில் ஸ்பெயினின் கிரானடாவில் வாழ்ந்த அறிஞர் லிஸானுத்தீன் இப்னுல் கத்தீப் (மறைவு 1374) கொள்ளைநோய் பற்றி எழுதிய நூலில், நோயாளியின் ஆடை, பாத்திரம் முதலியவற்றின் வழியாகவும், நோய் கண்ட நாட்டிலிருந்து வரும் கப்பல் வழியாகவும் நோய் தொற்றுகிறது என்பதை அனுபவமும் ஆய்வும் உறுதி செய்வதாக வாதிட்டார். கிருமி என்பதைக் கண்ணால் காண்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்ட வார்த்தைகள் இவை.

இவற்றுக்கெல்லாம் முன்பே நம் மார்க்கத்தில் இதற்கு வழிகாட்டல் இருந்தது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிப் பயணமானார்கள். ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, தளபதி அபூஉபைதா (ரலி) அவர்களும் மற்றத் தளபதிகளும் எதிர்கொண்டு வந்து, ஷாமில் தாஊன் என்னும் கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் முஹாஜிர்களையும், அன்ஸாரிகளையும், குறைஷி மூத்தோரையும் தனித்தனியே அழைத்து ஆலோசித்துவிட்டு, திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் கண்ட ஊருக்குள் செல்ல வேண்டாம், நாம் இருக்கும் ஊரில் நோய் கண்டால் அதை விட்டு ஓடவும் வேண்டாம் என்ற கருத்துள்ள நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து, வந்த வழியே திரும்பினார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவான சம்பவம் இது.

ஆகவே, தடுத்து நிறுத்துதல் என்பது மார்க்கத்திற்கு அந்நியமானது என்று எவரும் சொல்ல இயலாது. பின் ஏன் நம் முன்னோர்கள் கரந்தீனா என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கினார்கள்? அதைத்தான் இனிக் காணப்போகிறோம்.

கமரான் தீவு

1851இல் பாரிஸில் பன்னிரண்டு நாடுகள் கூடி முதல் சர்வதேச சுகாதார மாநாட்டை நடத்தின. உடன்பாடு ஏற்படவில்லை. 1865இன் துயரத்திற்குப் பின்னர், 1866இல் இஸ்தான்புல்லில் கூடிய மாநாடு, காலராவின் பிறப்பிடம் இந்தியா என்றும், ஹஜ் கப்பல்கள் அதைச் சுமந்து வருகின்றன என்றும் தீர்மானித்து, செங்கடலின் வாயிலிலேயே கப்பல்களைச் சோதிக்க வேண்டும் என்று கூறியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பாவின் அச்சம் மேலும் பெருகியது.

ஆங்கில அரசோ இதை விரும்பவில்லை. கால்வாயைக் கடந்த கப்பல்களில் பெரும்பகுதி அவர்களுடையவை. கப்பல் ஒரு நாள் நின்றால் வியாபாரம் ஒரு நாள் நிற்கும். இந்திய அரசின் சுகாதார ஆணையராக 1868 முதல் 1884 வரை இருந்த கன்னிங்ஹாம் என்பவர், காலரா மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதே இல்லை என்று கடைசி வரை வாதாடினார். 1884இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோஹ் கல்கத்தாவில், குளத்து நீரிலும் நோயாளிகளின் உடலிலும் காலராக் கிருமியைக் கண்டு காட்டிய பின்னரும் அந்த வாதம் உடனே அடங்கவில்லை. லாபம் கண்ணை மறைத்தால் அறிவு வேலை செய்யாது என்பதற்கு இது ஒரு சான்று.

இந்நிலையில் உஸ்மானிய அரசு 1882இல், ஏமன் கரைக்கு அருகிலுள்ள கமரான் என்னும் சிறு தீவில் கரந்தீனா நிலையத்தை அமைத்தது. தெற்கே இந்தியா, மலாயா, ஜாவா ஆகிய நாடுகளிலிருந்து வரும் ஹாஜிகள் அனைவரும் அங்கே இறங்கியாக வேண்டும். வடக்கே எகிப்து வழியாகத் திரும்புவோருக்கு ஸினாய் கரையில் தூர் என்னும் இடத்தில் இதைப் போன்ற ஒரு நிலையம் இருந்தது.

கமரானில் நடந்தது என்ன? கப்பல் நங்கூரமிட்டதும் ஹாஜிகள் படகுகளில் கரையிறக்கப்படுவார்கள். மருத்துவர் வரிசையில் நிறுத்திப் பார்ப்பார். உடைகளும் மூட்டைகளும் நீராவிக் கொதிகலனில் இடப்பட்டுக் கிருமி நீக்கம் செய்யப்படும். ஓலையால் வேய்ந்த நீண்ட குடிசைகளில் தங்க வேண்டும். பத்து நாட்கள் என்பது பொதுக் கணக்கு. அதற்குள் ஒருவருக்குக் காலரா கண்டால் மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். தங்கியதற்கான கட்டணத்தையும் ஹாஜியே செலுத்த வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பு. உணவை அங்கிருந்த வியாபாரிகளிடம் அவர்கள் சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். வழிச் செலவுக்கென்று எண்ணி எடுத்து வந்த பணம் தீவிலேயே கரைந்து போகும். நாட்கள் நீளும்போது அரஃபா நாள் தவறிவிடுமோ என்ற கவலை நெஞ்சை அறுக்கும். ஆயுள் முழுவதும் சேமித்துப் புறப்பட்டவனுக்கு அதைவிடப் பெரிய துன்பம் வேறென்ன? இவ்வளவையும் கடந்து கப்பல் மீண்டும் புறப்பட்டு, யலம்லம் எல்லைக்கு நேரே வரும்போது இஹ்ராம் அணிந்து தல்பியா முழங்கும் நேரத்தில்தான் அவர்களுக்கு உயிர் திரும்பியிருக்கும்.

கப்பலிலும் நிலைமை நன்றாக இல்லை. அக்கால இந்தியச் சட்டப்படி ஒரு பயணிக்கு ஒதுக்க வேண்டிய தளம் ஒன்பது சதுர அடி. அதாவது மூன்றடிக்கு மூன்றடி. தொழுகை விரிப்பை முழுவதுமாக விரிக்கக்கூட அது போதாது. அந்த இடத்தில்தான் சமையல், படுக்கை, நோய், மரணம் எல்லாம். 1894இல் ஹஜ் பயணத்திற்கென்றே பாரிஸில் கூடிய மாநாட்டில், இடத்தைக் கூட்ட வேண்டும் என்றும், போதிய பணமில்லாதவரைக் கப்பலேற்றக் கூடாது என்றும் பேசப்பட்டது. பணமில்லாதவரைத் தடுக்க ஆங்கில அரசு உடன்படவில்லை. மத விஷயத்தில் தலையிடுவதில்லை என்று 1858இல் அரசியார் அளித்த பிரகடனத்தைக் காரணம் காட்டினார்கள். கூடுதல் இடத்திற்கும் அவர்கள் தயங்கினார்கள். கட்டணம் உயரும் என்பது அவர்கள் கூறிய காரணம்.

ஒரு முஸ்லிம் மருத்துவரின் முடிவு

இந்த வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத ஒருவர் டாக்டர் அப்துர் ரஸ்ஸாக். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவர். ஹாஜிகளோடு ஹிஜாஸ் சென்று அவர்களின் நிலையை நேரில் கண்டு அறிக்கை எழுத 1878இல் அனுப்பப்பட்டார். பின்னர் 1882இல் ஜித்தாவில் ஆங்கில அரசின் துணைத் தூதரானார். கமரானின் தண்ணீர், தங்குமிடம், கட்டணம் ஆகியவற்றின் குறைகளை எழுதியவர் அவர். ஏழை ஹாஜிகளுக்காக வாதாடியவரும் அவரே.

1893 ஹஜ்ஜில் காலரா மீண்டும் தாண்டவமாடிப் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது. அதன்பின் கிருமி நீக்கக் கருவிகளும் மருத்துவ விதிகளும் மக்காவிலும் ஜித்தாவிலும் கடுமையாயின. மக்களிடம் அவற்றை எவரும் விளக்கவில்லை. அந்நியர்கள் நோயைக் கொண்டு வந்து கொல்லுகிறார்கள் என்ற வதந்தி பரவியது. 1895 மே மாத இறுதியில் ஜித்தா நகரின் மதிலுக்கு வெளியே உலவச் சென்ற ஐரோப்பியத் தூதர்கள் மீது ஆயுதம் ஏந்தியவர்கள் பாய்ந்தார்கள். அவர்களோடு இருந்த டாக்டர் அப்துர் ரஸ்ஸாக் கொல்லப்பட்டார். மக்காவிலும் கிருமி நீக்கக் கருவி உடைக்கப்பட்டது. ஹாஜிகளின் உயிரைக் காக்கப் பாடுபட்டவரை, ஹாஜிகளின் மண்ணிலேயே வதந்தி கொன்றது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஹஜ் நின்ற ஆண்டு

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் கண்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. கப்பல்களையும் ரயில்களையும் சோதிக்கவும், ஆட்களைத் தடுத்து வைக்கவும் அரசுக்கு அது முழு அதிகாரம் அளித்தது. ஐரோப்பிய நாடுகள் வெனிஸில் கூடி, இந்தியக் கப்பல்களையே நிறுத்துவோம் என்று நெருக்கின. மத விஷயத்தில் தலையிடுவதில்லை என்று முப்பது ஆண்டுகள் பேசி வந்த அரசு, 1897ஆம் ஆண்டு ஹஜ் பயணத்தை இந்தியத் துறைமுகங்களில் நிறுத்தி உத்தரவிட்டது. முன்னர் தயங்கியதும் வியாபாரத்திற்காக. இப்போது துணிந்ததும் வியாபாரத்திற்காக. இரண்டிலும் ஹாஜியின் நலன் முதலிடத்தில் இருக்கவில்லை.

சென்னை மாகாணத்தில் அந்நாட்களில், பிளேக் கண்ட ஊர்களிலிருந்து ரயிலில் வந்தவர்களுக்கு பிளேக் பாஸ்போர்ட் என்ற சீட்டுக் கொடுத்து, போய்ச் சேர்ந்த ஊரில் குறிப்பிட்ட நாட்கள் வரை அதிகாரியிடம் தம்மைக் காட்டச் செய்தார்கள்.

கூலிக் கப்பல்களின் கண்ணீர்

ஹாஜிகள் மட்டும் இத்துன்பத்தை அனுபவித்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பிழைப்புக்காகக் கடல் கடந்த ஏழைத் தமிழர்கள், இந்துவாயினும் முஸ்லிமாயினும், இதே வாயில்களைக் கடந்தார்கள்.

1856ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து ஹைதரி என்ற கப்பல் தொழிலாளர்களோடு மொரீஷியஸ் அடைந்தது. நோய் கண்டிருந்ததால் அவர்களைக் கரைக்கு அருகிலிருந்த ஆளில்லாச் சிறு தீவுகளில் இறக்கிவிட்டார்கள். போதிய தங்குமிடமில்லை, தண்ணீரில்லை. நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மடிந்தனர். செய்தி எட்டியபின் இந்திய அரசே அந்நாட்டுக்கு ஆட்களை அனுப்புவதைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. சில நாட்களில் கல்கத்தாவிலிருந்து வந்த பெல்வடேர் கப்பலில் காலரா இருந்ததால் அதன் பயணிகள் கரையோரக் கொட்டகைகளில் தனியே வைக்கப்பட்டனர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு சென்றோர் ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூர் சென்றோர் 1874இல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் தீவு நிலையத்திலும் காத்துக் கிடந்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற லட்சக்கணக்கானோரை ஆடை களைந்து சோதித்து அனுப்பிய இடம் நம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாம். இன்றும் அவ்வூர் ரயில் நிலையத்தின் பெயர் மண்டபம் முகாம் என்றே இருக்கிறது. அதே இடம் பிற்காலத்தில் இலங்கை அகதிகளுக்குத் தங்குமிடமாயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. முதல் வகுப்பு அறையில் பயணம் செய்த சீமான்களுக்கும் கிருமி வரும். ஆனால் அவர்களை மருத்துவர் வணக்கம் சொல்லி விசாரித்துவிட்டு அனுப்பினார். தளத்தில் படுத்து வந்த ஏழையே தீவில் இறக்கப்பட்டான். நோயைத் தடுப்பது வேறு. ஏழையை நோயாகவே பார்ப்பது வேறு.

நம் ஊரும் நாமும்

அக்கால ஐரோப்பியர்களின் அறிக்கைகளைப் படித்தால், மக்காவையும், பூரியையும், ஹரித்வாரையும் ஒரே தட்டில் வைத்து, யாத்திரை என்றாலே நோய் என்று அவர்கள் எழுதியிருப்பதைக் காணலாம். 1867இல் ஹரித்வார் கும்பமேளாவிற்குப் பின்னர் காலரா வட இந்தியா முழுவதும் பரவியபோது இந்து யாத்ரிகர்கள் மீதும் இதே பழி விழுந்தது. கார்த்திகை தீபத்திற்கும் பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கானோர் வந்து சேரும் திருவண்ணாமலையில் வாழும் நமக்கு, பெருங்கூட்டம் என்றால் என்ன என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. குடிநீரும் கழிப்பிடமும் சரியாக இருந்தால் கூட்டம் நலமாக வந்து நலமாகத் திரும்பும். அவை பிழைத்தால் பழி பக்தியின் மீது விழும். 2020ஆம் ஆண்டில் கிரிவலமும் நின்றது, நம் பள்ளிவாசல்களில் ஜும்ஆவும் நின்றது, வெளிநாடுகளிலிருந்து வரும் ஹாஜிகள் எவருமின்றி மிகச் சிலரோடு ஹஜ்ஜும் நடந்தது. அந்நாட்களில் நோயை ஒரு சமுதாயத்தின் பெயரோடு சேர்த்துப் பேசியவர்களும் இருந்தார்கள். அந்த வேதனையை அனுபவித்த நாம், நாளை வேறொருவர் மீது அதே பழி விழும்போது வாய் மூடி இருக்கக் கூடாது.

பெரியவருக்கு நம் பதில்

வகுப்பில் கேள்வி கேட்ட பெரியவருக்கு இப்போது நாம் சொல்வது இதுதான். கமரான் தீவின் பத்து நாட்களும், கொதிகலனும், உவர் நீரும் இன்று நம்மை விட்டு நீங்கியிருக்கின்றன. அவற்றின் இடத்தில் மூளைக்காய்ச்சலுக்கு ஓர் ஊசியும் போலியோவுக்கு இரண்டு சொட்டும் வந்திருக்கின்றன. முன்னோர்கள் உயிரையும் பொருளையும் கொடுத்துக் கடந்த வாயிலை நாம் ஒரு நிமிட வலியோடு கடக்கிறோம். சொட்டு மருந்து உங்களுக்காக மட்டும் கொடுக்கப்படுவதன்று. பெரியவர் ஒருவர் நோயில் விழாமலேயே அக்கிருமியைச் சுமந்து வந்து, வீட்டிலுள்ள பேரனுக்குக் கொடுத்துவிட முடியும். அல்லாஹ் காவல்தான், ஐயமில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நாம் கற்ற பாடம்.

அத்துடன் இரண்டு செய்திகளை ஜமாஅத்தார் அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, நோயை மறைக்காதீர்கள். பயணம் தடைப்படுமே என்று காய்ச்சலை மறைத்துச் செல்பவர், சூயஸ் கரையில் பொய் சொன்ன அந்தக் கேப்டனின் வழியில் செல்கிறார். மற்றொன்று, தனித்து வைக்கப்பட்டவரைக் கைவிடாதீர்கள். கதவுக்கு வெளியே உணவையும் தண்ணீரையும் வைப்பதற்கு எந்தத் தடுப்பு விதியும் தடையாக இல்லை. கமரானிலும் மொரீஷியஸ் தீவுகளிலும் மனிதர்களைக் கொன்றதில் கிருமிக்கு ஒரு பங்கு என்றால், கவனிப்பாரற்ற நிலைக்கும் ஒரு பங்கு உண்டு. தடுப்பதும் அமானிதம், தடுக்கப்பட்டவரைக் காப்பதும் அமானிதம்.

ஹஜ்ஜின் வழியில் புறப்பட்டுக் கடலிலும் கரையிலும் மரணித்த நம் முன்னோர்கள் அனைவரின் பிழைகளையும் பொறுத்து, அவர்களின் ஹஜ்ஜை ஏற்றுக்கொள்வானாக! நம் ஊர் மக்கள் அனைவரையும் கொடிய நோய்களிலிருந்து வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.